கேத்தியில் வெயில் அடுப்பு: மஞ்சு இறங்குவதற்குள் ஒரு மதியச் சாப்பாடு

நீலகிரி மலையில் இருக்கும் கேத்தியில் சோலார் குக்கர் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “இந்தக் குளிருக்கு அதில் சோறு வேகுமா?” வேகும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வேகும். பெட்டிக்குள் சோற்றை வேகவைப்பது வெயிலின் ஒளி. வெளிக்காற்று சூடாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஹொராஸ் பெனடிக்ட் டி சோசூர் என்ற ஸ்விட்சர்லாந்து அறிஞர் 1767ல் கண்ணாடி அடுக்குகள் வைத்த ஒரு வெயில் பெட்டி செய்தார். பிறகு அதை ஆல்ப்ஸ் மலையில் கிராமோன் என்ற சிகரத்துக்குத் தூக்கிப்போய் வெயிலில் வைத்தார். வெளியே சுமார் 6 டிகிரி, பெட்டிக்குள் சுமார் 88 டிகிரி. மறுநாள் கீழே இறங்கிச் சமவெளியில் வைத்துப் பார்த்தபோது வெளிக்காற்று நன்றாகச் சூடாக இருந்தும், பெட்டிக்குள் ஏறக்குறைய அதே சூடுதான். மலையில் வெயில் அடுப்பு வைக்கிற நமக்கு இந்த ஒரு சோதனை போதும்.

கேத்தியில் குளிர் ஒரு தடையே இல்லை. தடை மேகம். காலையில் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் வானம் மதியம் ஒன்று, இரண்டு மணிக்குள் மூடிக்கொள்ளும் நாட்கள் இங்கே அதிகம். சமவெளியில் பத்து மணிக்கு அடுப்பை வெளியே எடுத்தாலும் மூன்று மணிவரை வெயில் கிடைக்கும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனையும் சீக்கிரம் தொடங்குவதைப் பற்றியதுதான்.

எந்த அடுப்பு?

எடுத்துச் செல்லக்கூடிய வெயில் அடுப்புகள் நான்கு வகை.

பெட்டி: உள்ளே கறுப்புத் தகடு, மேலே இரட்டைக் கண்ணாடி மூடி, அதற்கும் மேலே திறந்து நிறுத்தும் முகக்கண்ணாடி. சூட்கேஸ் போல மூடித் தூக்கிச் செல்லலாம். கேத்திக்கு நான் சொல்வது இதைத்தான். கனம் உண்டு, ஆனால் காற்றுக்கு அசையாது, சாப்பாடு அடிப்பிடிக்காது, அரைமணி நேரம் நீங்கள் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தாலும் ஒன்றும் கெடாது.

மடிப்புத் தகடு: பளபளப்பான அட்டையை விரித்து நடுவில் கறுப்புப் பாத்திரம் வைப்பது. கனமே இல்லை, அதனாலேயே காற்று தூக்கிவிடும். இதில் பாத்திரத்தைச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பது வெளியூர் வழக்கம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. பைக்குப் பதிலாகப் பாத்திரத்தின்மேல் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள்; சூடு அதே அளவு நிற்கும்.

வெற்றிடக் குழாய்: சுடுதண்ணீர் ஹீட்டரில் இருக்கும் கண்ணாடிக் குழாய் மாதிரியானது. குளிர்காற்றில் இதுதான் கெட்டிக்காரன், ஏனென்றால் சுவருக்குள் வெற்றிடம் இருப்பதால் சூடு வெளியே போகாது. ஆனால் ஒருவர், இரண்டு பேர் சாப்பாட்டுக்கு மேல் பிடிக்காது. காலியாகக் காய்ந்து கிடக்கும் குழாயில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் படாரென்று உடையும்.

கிண்ணம்: 1.4 மீட்டர் விட்டமுள்ள எஸ்கே-14 போன்றவை. கேஸ் அடுப்பு மாதிரியே கொதிக்கும், தாளிக்கலாம், பொரிக்கலாம். ஒளி ஒரு புள்ளியில் குவிவதால் கண்ணுக்கும் காய்ந்த புல்லுக்கும் ஆபத்து. புதிதாகத் தொடங்குகிறவர் இதில் கைவைக்க வேண்டாம்.

இதே வேலையைப் பெரிய அளவில் பார்க்க ஆசைப்பட்டால் ஆரோவில் போய்வாருங்கள். அங்கே சோலார் கிச்சன் கூரைமேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு கிண்ணம், அதிலிருந்து நீராவி எடுத்து நாளுக்கு சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் வசதி. வெயில் போதாதபோது கைகொடுக்க டீசல் பாய்லரும் உண்டு. வீட்டு கேஸ் அடுப்பு நமக்கு அந்த பாய்லர் மாதிரி. மேகம் வந்தால் அதில் ஏற்றுவதில் ஒரு குறைவும் இல்லை.

இனி வருவதெல்லாம் பெட்டி அடுப்புக்கு.

எந்த மாதம்?

ஜனவரி முதல் மார்ச் வரை பொற்காலம். விடியலில் உறைபனி விழும் நாட்களில்தான் பகல் வானம் மிகத் தெளிவாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் கோடைமழை இடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் கேத்திக்குக் கூடலூர்ப் பக்கம் போல மழை கொட்டுவதில்லை, ஆனால் மேகமும் காற்றும் விடாது. அக்டோபர், நவம்பர் நமக்குப் பெருமழைக் காலம். பெட்டியை உள்ளே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. “முகக்கண்ணாடியைத் தெற்குப் பார்த்து வை” என்று பொதுவாகச் சொல்வார்கள். அது டிசம்பர், ஜனவரிக்குச் சரி; டிசம்பர் கடைசியில் உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து, தரையிலிருந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஏப்ரல் 20ஐ ஒட்டி நேர் உச்சிக்கு வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மே மாதம் தெற்கைப் பார்த்து வைத்துவிட்டு “பெட்டி சூடேறவில்லை” என்று குறைப்படுவதில் பயனில்லை. திசையை நினைவில் வைப்பதைவிட நிழலைப் பார்த்து வைப்பதே நல்லது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

கடிகாரத்தின் 12 மணியும் நம் உச்சிவேளை அல்ல. கேத்தியில் சூரியன் உச்சிக்கு வருவது ஆண்டு முழுக்க சுமார் 12:10க்கும் 12:40க்கும் நடுவில். உச்சிக்கு முன்னால் இரண்டரை மணி, பின்னால் ஒன்றரை மணி, அதுதான் நம் சமையல் நேரம்.

இடம் பார்த்தல்

கேத்தி ஒரு பள்ளத்தாக்கு. மலைநிழல் சில இடங்களை விட்டு விலக ஒன்பதரை மணிகூட ஆகும். எதிர்ச்சரிவில் எட்டுக்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். முந்தின நாளே போய் எட்டரை மணிக்கு எங்கே வெயில் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

- கேரட் தோட்டத்துப் படிவரப்பு, வீட்டு மொட்டைமாடி, முற்றம், எஸ்டேட்டில் அனுமதி வாங்கிய திறந்த திட்டு: இவை நல்லவை.
- சில்வர் ஓக், கற்பூர மரம் உள்ள பக்கம் வேண்டாம். இப்போது நிழல் இல்லாவிட்டாலும் பதினொரு மணிக்கு வந்து விழும்.
- காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் வேண்டாம். நெருப்பில்லாத அடுப்புதானே என்று தோன்றலாம். வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவதே குற்றம். சாப்பாட்டு வாசனை வேறு கரடியையும் குரங்கையும் கூட்டிவரும்.
- தரை சமமாக இருக்கவேண்டும். பெட்டி சாய்ந்தால் குழம்பு மூடியின் விளிம்பில் வழிந்து கண்ணாடியில் ஆவிபிடிக்கும், அன்றைய வெயில் வீண்.
- காற்றுப் பக்கம் ஒரு தடுப்பு: கல்வரப்பு, அடுக்கிய கேரட் மூட்டை, எதுவானாலும் சரி. குளிர்காற்று கண்ணாடிமேல் ஓயாமல் வீசினால் சூடு மேலாகவே போய்விடும்.

பாத்திரம்

மெல்லிய, அகலமான, உயரம் குறைந்த பாத்திரம். வெளியே மட்டும் பளபளப்பில்லாத கறுப்பு. சூடு தாங்கும் பெயின்ட். மூடியும் கறுப்பாக இருக்கவேண்டும், ஒளி முதலில் விழுவது அதன்மேல்தான். புதிதாகப் பெயின்ட் அடித்த பாத்திரத்தை இரண்டு நாள் காலியாகவே பெட்டிக்குள் வைத்துக் காயவிடுங்கள். பெயின்ட் வாசனை முழுதாகப் போன பிறகுதான் சமையல்.

புளி, தக்காளி சேர்ந்த குழம்பை அலுமினியத்தில் மூன்று மணிநேரம் வைக்காதீர்கள், அதற்கு எவர்சில்வர். எந்தப் பாத்திரத்தையும் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம். ஒரு பெரிய குண்டானைவிட நான்கு சின்னப் பாத்திரம் சீக்கிரம் வேகும்.

இறுக மூடிய பாட்டில், வெயிட் போட்ட பிரஷர் குக்கர் இரண்டையும் உள்ளே வைக்கவே கூடாது. ஆவிக்கு வழியில்லாவிட்டால் வெடிக்கும்.

செய்முறை

*முந்தின இரவு*

1. துவரம்பருப்பு போடுவதானால் ஊறவையுங்கள். பாசிப்பருப்புக்குத் தேவையில்லை. அரிசியைக் காலையில் அரைமணி நேரம் ஊறவைத்தால் போதும்.
2. கண்ணாடி மூடியை இருபுறமும் துடையுங்கள். கைரேகையும் எண்ணெய்ப்பிசுக்கும் ஒளியைத் தின்னும்.
3. மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங்கை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ இடைவெளியோ இருந்தால் சூடு அங்கேதான் ஓடும். ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். எளிதாக வந்தால் பீடிங் மாற்றவேண்டும்.
4. தாளிப்பை வீட்டிலேயே செய்து சின்ன சம்படத்தில் எடுத்து வையுங்கள். கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை. பெட்டி அடுப்பில் கடுகு வெடிக்காது.

*காலை 8:30*

5. கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் மெல்லிய துணியால் துடையுங்கள். அவசரத்தில் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும்.
6. காலிப் பெட்டியைக் கண்ணாடி மூடியை மூடியபடி வெயிலில் வைத்து, முகக்கண்ணாடியை விரியுங்கள்.
7. நிழல் பார்த்துத் திருப்புங்கள். பெட்டிமேல் ஒரு சின்னக் குச்சியை நேராக நிறுத்துங்கள். குச்சியின் நிழல் பக்கவாட்டில் சாயாமல், முகக்கண்ணாடியை நோக்கி நேராக விழும்வரை பெட்டியைத் திருப்புங்கள். பிறகு முகக்கண்ணாடியின் சாய்வை ஏற்றி இறக்கி, அதிலிருந்து வரும் வெளிச்சச் சதுரம் கண்ணாடி மூடி முழுவதிலும் படும்படி நிறுத்துங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், எதிரே நின்று வேண்டாம்.
8. 45 நிமிடம் விடுங்கள். இந்த 45 நிமிடத்தைப் பலர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். அதற்கு மதியம் ஒரு மணிநேரம் திருப்பிக் கொடுக்கவேண்டி வரும்.

*காலை 9:15 – 9:30*

9. பாத்திரங்களை ஒரே மூச்சில் உள்ளே வையுங்கள். மூடி பத்து நொடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது.
10. அரிசிக்கும் பருப்புக்கும் பச்சைத்தண்ணீர் ஊற்றாதீர்கள். பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைக்கும் முன்பே பிளாஸ்கில் கொண்டுவந்த கொதிநீரை ஊற்றுங்கள். கேத்தித் தண்ணீர் காலையில் பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சி. அதைக் கொதிக்கவைக்கவே வெயிலுக்கு ஒரு மணிநேரம் போய்விடும். இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.
11. அரைமணிக்கு ஒருமுறை பெட்டியைச் சூரியனோடு திருப்புங்கள். குச்சிநிழல் மறுபடியும் நேராகும்வரை.
12. திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கால்மணி நேரம் போகும். கண்ணாடிவழியே பாருங்கள்: பாத்திர மூடியின் ஓரத்தில் நுரை காய்ந்த கோடு தெரிந்தால் கொதித்துவிட்டது என்று அர்த்தம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஏறிவரும் மலை ரயில் நண்பகலுக்கு முன் கேத்தி ஸ்டேஷனைத் தாண்டும். எனக்கு அதுதான் அலாரம். அந்தக் கூவல் கேட்கும் நேரத்தில் பருப்புப் பாத்திரம் கொதிக்கவில்லையென்றால் அன்றைக்குப் பருப்பு வெயிலில் வேகாது. இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவேன்.

*எடுக்கும்போது*

13. முதலில் முகக்கண்ணாடியை மடக்குங்கள். பிறகு பக்கத்தில் நின்று, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள். இல்லாவிட்டால் ஆவி முகத்தில் அடிக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு கணம் கண்ணே தெரியாது. அந்தக் கணத்தில்தான் கை சுடும்.
14. தடிமனான பிடிதுணி இரண்டு வேண்டும். பெட்டி பார்க்கச் சாதுவாக இருக்கும், புகையில்லை, தீயில்லை, சத்தமில்லை. உள்தகடு 100 டிகிரிக்கு மேல் இருக்கும். குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எவ்வளவு நேரம்?

சுமார் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கேத்தியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100. இந்த ஏழு டிகிரியால்தான் மலைவீடுகளில் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு மசிவதில்லை. ஆகவே சமவெளிக்காரர் எழுதிய நேரக்கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். தெளிந்த வானத்தில், முன்கூட்டிச் சூடேற்றிய பெட்டியில், கொதிநீர் ஊற்றி நான் வைப்பது:

- கேரட், பீட்ரூட், உருளை துண்டுகள்: ஒன்றரை முதல் இரண்டு மணி
- பச்சரிசி, சாமை: இரண்டு மணி
- பாசிப்பருப்பு: இரண்டு, இரண்டேகால் மணி
- ஊறவைத்த துவரம்பருப்பு: மூன்று மணி, சில நாள் அதற்கும் மேல்
- முட்டை, தண்ணீரில்லாமல்: ஒன்றரை முதல் இரண்டு மணி

உங்கள் பெட்டி என் பெட்டியில்லை. முதல் நாலைந்து தடவை நேரத்தையும் வானத்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

மூன்று பேருக்கு ஒரு சாப்பாடு

*தண்ணீரில்லாத கேரட்*

கேத்திக் கேரட்டுக்கு இதைவிட மரியாதை வேறில்லை என்பேன். அரைக்கிலோ கேரட். கழுவித் துடையுங்கள், தோல் சீவவேண்டாம், மண் போகச் சுரண்டினால் போதும். விரல்நீளத்துக்கு நறுக்கிக் கறுப்புப் பாத்திரத்தில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கால் ஸ்பூன் உப்பு, பத்து மிளகை நசுக்கிப் போடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். மூடி வையுங்கள்.

இரண்டு மணி கழித்துத் திறந்தால் பாத்திரத்தின் அடியில் மூன்று ஸ்பூன் அளவுக்குக் கேரட் விட்ட தண்ணீர் நிற்கும். துண்டுகளின் ஓரம் கண்ணாடி மாதிரி மினுங்கும், நடுப்பகுதி நிறம் மாறாமல் இருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். பாகு மாதிரி இனிக்கும். தாளிப்பையும் தேங்காய்த்துருவலையும் கொட்டிக் கிளறினால் முடிந்தது. அடுப்பில் வேகவைத்த கேரட்டை வேண்டாமென்று ஒதுக்கும் குழந்தைகள் இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உருளையும் இதேபோல்தான், நாலாக வெட்டி. வெளிச்சத்தில் கிடந்து பச்சை பிடித்த உருளையை மட்டும் எடுக்கவேண்டாம். அந்தப் பச்சையோடு சேர்ந்து வரும் நச்சு வேகவைத்தாலும் போகாது.

*சாமைப் பொங்கல்*

ஒரு காலத்தில் இந்த மலைச்சரிவுகளில் சாமை நிறைய விளைந்தது. முக்கால் டம்ளர் சாமை, கால் டம்ளர் பாசிப்பருப்பு, மூன்று டம்ளர் கொதிநீர், உப்பு, இஞ்சி. வெயில் பெட்டியில் தண்ணீர் வற்றுவது குறைவு, அதனால் அடுப்புக்கு ஊற்றுவதைவிடக் கால் பங்கு குறைத்தே சொல்லியிருக்கிறேன். இரண்டு பாத்திரமாகப் பிரித்து வையுங்கள். இறக்கியதும் நெய், மிளகு, சீரகத் தாளிப்பு.

*அவரை, பட்டர் பீன்ஸ், ராஜ்மா: இங்கே நில்லுங்கள்*

படகர் வீடுகளில் அவரையும் பீன்ஸ் விதைகளும் இல்லாத வாரமில்லை. கேத்திச் சந்தையில் இவற்றைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும். ஆனால் பச்சையாக அப்படியே வெயில் பெட்டியில் வைக்காதீர்கள்.

சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று உண்டு. நன்றாகத் தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். 80 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் வைத்தால் அழிவதற்குப் பதில் வீரியம் கூடும். சாப்பிட்ட சில மணிநேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மற்ற பீன்ஸ் விதைகளில் இது குறைவு, இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே வழியை வைத்துக்கொள்ளுங்கள்:

1. காய்ந்த விதையானால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.
2. காலையில் வீட்டில் புதுத்தண்ணீர் விட்டு பிரஷர் குக்கரில் முழுதாக வேகவையுங்கள்.
3. வெந்ததைச் சூடாகவே கறுப்புப் பாத்திரத்துக்கு மாற்றி, வெங்காயம், தக்காளி, மசாலா சேர்த்துக் குழம்பாகக் கொதித்து இறங்குவதை மட்டும் வெயிலுக்கு விடுங்கள்.

பச்சைப் பட்டாணிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மேகம் வந்தால்

முதல் வருடம் ஒரு டிசம்பரில் பதினொரு மணிக்குத் துவரம்பருப்பை வைத்தேன். பன்னிரண்டரைக்குப் பள்ளத்தாக்கின் கீழிருந்து மஞ்சு ஏறி வந்தது. இப்போது விலகும், இதோ விலகும் என்று மூன்று மணிவரை காத்திருந்தேன். பருப்பு வெதுவெதுப்பாக, அரைவேக்காடாக, லேசாகப் புளித்த வாசனையோடு இருந்தது. முழுவதையும் கொட்டவேண்டி வந்தது. பருப்பை வீணாக்கிய வருத்தம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட வழக்கம் இது:

1. வெயில் மறைந்ததும் கடிகாரம் பாருங்கள்; 20 நிமிடம் தாண்டினால் கீழே சொல்வதைச் செய்யுங்கள். அதற்குக் குறைந்த மேகத்தைப் பெட்டி தாங்கும்.
2. பாத்திரம் முன்பே நன்றாகக் கொதித்திருந்தால், பெட்டியைத் திறக்காமல் முகக்கண்ணாடியை மடக்கி மூடி, மேலே கனமான கம்பளியைப் போர்த்துங்கள். அரிசியும் காயும் உள்சூட்டிலேயே மிச்ச வேக்காட்டை முடித்துக்கொள்ளும். ஒரு மணிநேரத்துக்குள் எடுத்துச் சாப்பிடுங்கள்.
3. கொதிக்கவில்லையென்றால் காத்திருக்கவே வேண்டாம். நேரே கேஸ் அடுப்புக்கு.
4. 60 டிகிரிக்குக் கீழே இரண்டு மணிநேரத்துக்கு மேல் கிடந்த சாப்பாட்டை மறுபடி கொதிக்கவைத்தும் சாப்பிடாதீர்கள். சோற்றில் வளரும் சில கிருமிகள் விடும் நச்சு கொதித்தாலும் போகாது.

சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கோழி வைக்க ஆசையிருந்தால் அது இல்லாமல் வைக்காதீர்கள்: எலும்பை ஒட்டிய இடத்தில் 74 டிகிரி காட்டவேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை, மேகமே இல்லாத நாளில் மட்டும், சின்னத் துண்டுகளாக. பாதி வேகவைத்து நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வது கோழிக்கு ஒருபோதும் கூடாது.

உடம்புக்கும் சுற்றுப்புறத்துக்கும்

ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கேத்தியில் நின்றால் கடலோரத்தைவிட இருபது சதவீதம் கூடுதல். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது மாலையில்தான் தெரியும். முகக்கண்ணாடி அந்த வெயிலை உங்கள் முகத்துக்கு இரண்டாவது முறையும் அனுப்பும். தொப்பி, முழுக்கைச் சட்டை, கூலிங் கிளாஸ் மூன்றும் வேண்டும். பெட்டியைத் திருப்பும்போது முகக்கண்ணாடியை நேராகப் பார்க்காதீர்கள், கீழே விழும் நிழலைப் பாருங்கள்.

முகக்கண்ணாடியின் வெளிச்சம் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் அடிக்கிறதா என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். மலைப்பாதை வளைவில் அது பெரிய ஆபத்து.

குரங்குக்குக் கண்ணாடி மூடி ஒரு பொருட்டில்லை, தூக்கித் திறந்துவிடும். பெட்டிக்குக் கொக்கி போட்டு, ஒருவர் எப்போதும் பத்தடிக்குள் இருங்கள். கரடிக்கு எண்ணெய், இனிப்பு வாசனை என்றால் உயிர். இங்கே கடைகளின் கதவை உடைத்தே உள்ளே போயிருக்கிறது. சமைத்த இடத்தில் எண்ணெய்க் கறையையும் மிச்சத்தையும் விடாதீர்கள். காட்டெருமை தேயிலைத் தோட்டத்தில் சாதாரணமாக மேயும். கூட்டம் அருகே வந்தால் பெட்டியைக் காப்பாற்ற நினைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் பின்னால் நகருங்கள்.

வேலை முடிந்ததும்

பாத்திரத்தை எடுத்த பிறகு பெட்டியை அரைமணி நேரம் திறந்துவைத்து ஆறவிடுங்கள். சூட்டோடு ஈரத்துணி வைத்தால் கண்ணாடி போய்விடும். ஆறியதும் உள்தகட்டில் படிந்த ஆவித்தண்ணீரைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வழிந்த குழம்பை வெதுநீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கறுப்புப் பெயின்டைக் கம்பிநாரால் தேய்க்கக் கூடாது.

கேத்தியில் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். பெட்டியை இறுக மூடிப் பரணில் போட்டால் இரண்டு மாதத்தில் உள்ளே பூசணம் பூத்து, முகக்கண்ணாடியின் பின்பக்க ரசம் உரிந்துவிடும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும்படி மரத்துண்டு ஒன்றைச் செருகி, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். இடையில் ஒரு நாள் வெயில் தலைகாட்டினால், சமைக்காவிட்டாலும் பெட்டியை ஒரு மணிநேரம் வெளியே வைத்து எடுங்கள்.